செல்வி நடந்தாள், கண்டி நின்றது

ஒரு தடவைகூட ஹோர்ன் அடிக்காமல் கண்டி நகரத்தின் போக்குவரத்தையே நிறுத்திக் காட்டிய ஒரே ஆட்டோக்காரர் எங்கள் ‘ஊர்வலம்’தான். மஹய்யாவயில் எனக்குப் பக்கத்து வீடு. சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவி செல்வியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள்.

மனுசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஸ்டாண்டில் மற்றவர்கள் குட்டித் தூக்கம் போடும்போது இவர் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி வருவார். டயரை உதைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைப்பார்.

அவர்களுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அதனால் செல்வி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. விளக்குமாற்றைக் கொண்டுவந்து என் வீட்டில் ஒளித்து வைத்தார்.

“அக்கா, இப்படியே படுத்துக் கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்” என்று செல்வி அழுதாள். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

“டொக்டர் பார்த்துட்டார். எல்லாம் நல்லா இருக்கு. தினமும் கொஞ்சம் நடங்க” என்றார் மிட்வைப் மிஸ்.

ஊர்வலம் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். “நடக்கவா? விழுந்துட்டா, மிஸ்?”

“சமதரையில மெதுவா நடக்கட்டும். பேசிக்கிட்டே நடக்க முடியணும். மூச்சு வாங்கினா, தலை சுத்தினா, வயிறு வலிச்சா நிறுத்திடணும். ரத்தம் பட்டா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்.”

“பேசுறதுதான் முக்கியம்னா உட்காந்தே பேசலாமே, மிஸ்!”

மறுநாள் காலை செல்வியும் நானும் வாவிக்கரை ஓரமாக நடந்தோம். பின்னாலேயே நடை வேகத்தில் ஆட்டோ. உள்ளே தலையணை, தண்ணீர்ப் போத்தல், குடை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. ஆட்டோவுக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் வேன், அதற்கும் பின்னால் என்னென்ன இருந்ததோ, கண்ணுக்கு எட்டவில்லை.

ஆட்டோவிலிருந்து தலை நீண்டது. “செல்வி, பேசு!”

“என்னத்தப் பேச?”

“எதையாவது பேசு! மிஸ் சொன்னாங்கல்ல!”

செல்வி திரும்பி நின்று, அவருடைய குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, மூச்சே வாங்கல பாத்தீங்களா!”

பொலிஸ்காரர் ஓடி வந்து, “யாரோட ஊர்வலம் இது?” என்று கேட்டார்.

“என் பொண்டாட்டியோடது, சேர்.”

பெயர் அன்றைக்கு விழுந்ததுதான். ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார் பொலிஸ்காரர். வேறு வழியில்லாமல் அவரும் கூட நடந்தார். பிறந்ததிலிருந்து அவ்வளவு தூரம் நடந்திராத மனுசன் மூச்சு இளைக்க இளைக்க வர, செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கங்கே அவருக்காகக் காத்து நின்றாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அவர் ஹயருக்கு ஆள் ஏற்றிப் போன நேரம் பார்த்து, செல்வி உச்சி வெயிலில் தனியாகக் கடைக்குப் போய்விட்டு மேடு ஏறி வந்தாள். பாதியில் தலை சுற்றி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் இருந்து பார்த்து நான் போன் போட்டதும் அவர் எப்படி வந்தாரோ தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். “ரோட்டப் பாருங்க!” என்று நான்தான் கத்தினேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வெயில், மேடு, தண்ணீர் குடிக்காதது, அவ்வளவுதான் என்றார் டொக்டர். இனி செல்விக்கு ஜென்மத்துக்கும் கட்டில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“டொக்டரே நடக்கலாம்னுட்டார். நாளைக்கி நடக்க வேணாமா?” என்று அவள் பயந்து பயந்து கேட்டாள்.

அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். “நடப்போம் புள்ள. வெயில் ஏறுறதுக்கு முந்தி. மேடு வேணாம்.”

பயத்தை வைத்துக்கொண்டே அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும்!

பிள்ளை பிறந்த அன்று வார்ட் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்த ஊர்வலம், “பொம்பளப் புள்ளக்கா” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“யாரு சாயல்?” என்று கேட்டேன்.

வார்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலக்கா. நான் செல்வியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”