நாலு டிஸ்க்கில் வந்த மாப்பிள்ளை

கல்முனை
1998 ஆகஸ்ட் 16

அன்பு மகன் றாஸிக்குக்கு உம்மாவின் ஸலாம்.

நானும் நலம், வீட்டுக் கூரையும் நலம். தோஹாவில் வெயில் எப்படியென்று கேட்டு என் மையையும் உன் நேரத்தையும் செலவழிக்கவில்லை. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. மரியாதைகள் முடிந்தன, இனி விஷயம். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு நீ உன் மாமி அஸீஸாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதுவதென்று கடைசியில் சொல்கிறேன். முதலில், நீ செய்துவைத்திருக்கும் காரியத்தை ஒழுங்காகக் கேள்.

உன் கூட்டாளி பக்கீர் முகைதீன் லீவில் வந்து, நீ கொடுத்தனுப்பிய பார்சலை என் மேசையில் வைத்தார். சவர்க்காரம், பேரீச்சம்பழம், தைலப் போத்தல், இவற்றுக்கு நடுவே தட்டையாகக் கறுப்பாக நாலு டிஸ்க். "இதென்ன மகன்?" என்றேன். "இதுக்குள்ள போட்டோ இரிக்காம் உம்மா. கொம்பியூட்டர்ல போட்டுப் பாக்கலாமாம். மிச்சத்த றாஸிக் கடிதத்துல எழுதுவானாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெளிநாட்டுச் சாமான் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? சவர்க்காரத்தில் வீட்டுக்கொன்று, பழத்தில் வீட்டுக்கொரு பிடி. நாலு டிஸ்க் என்றால் நாலு போட்டோ, நாலு வீடு. நீ 1, 2, 3, 4 என்று இலக்கம் போட்டிருந்தது மரியாதை வரிசைக்கு என்றே விளங்கிக்கொண்டேன், உன் வளர்ப்பை நினைத்துப் பெருமையும் பட்டேன். ஒன்று எனக்கு மூத்தவரான காக்கா முகைதீன்பாவாவுக்கு, இரண்டு உன் வாப்பாவின் தங்கச்சி அஸீஸாவுக்கு, மூன்று மருதமுனையில் என் தங்கச்சி பாஹிமாவுக்கு. கடைசி இலக்கத்தை அடக்கமாக நானே வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை கழித்துத்தான் உன் கடிதம் தபாலில் வந்தது. உன் வாப்பாவின் கொழும்புக் கூட்டாளியின் மகன் உன்னோடு வேலை செய்கிறாராம். எங்கள் கல்யாணப் படத்தின் பிரதியொன்று அவரிடம் இருக்கிறதாம். கையைவிட்டுத் தர மாட்டாராம். அதனால் நீ வேலை செய்யும் கந்தோரில் ஸ்கேன் பண்ணி, ஒரு டிஸ்க்கில் அடங்காததால் அதை 'ஸிப்' பண்ணிச் சுருக்கி, நாலு துண்டாக அனுப்பினாயாம். "நாலும் சேர்ந்தால்தான் ஒரு படம். ஒன்று குறைந்தாலும் திறக்காது" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். அடிக்கோட்டைப் பார்சலிலேயே போட்டிருக்கலாம்.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரியும், உன் வாப்பா மௌத்தாகி, அடக்கம் பண்ணி மூன்றாம் வருடம் சூறாவளி வந்தது. முன் ஹோலில் தொங்கிய கல்யாணப் படம், அல்பம், அவருடைய அடையாள அட்டை எல்லாம் ஓட்டோடு ஓடாகப் போயின. இருபது வருடமாக அந்த முகத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, உனக்கு எழுதுகிறேன்: மீசை ஞாபகம் வரும், குரல் ஞாபகம் வரும், மூக்கு வராது. மூக்கில்லாமல் ஒரு மனுசனை எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பது?

கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கும் கேவலம் என் குடும்பத்தில் அதுவரை நடந்ததில்லை. நடந்தது. காக்கா வீட்டில் ஒன்றாம் இலக்கம் தேத்தண்ணிக் கோப்பைக்கு மூடியாக இருந்தது. "ஈ வராமல் நல்லா மூடுது" என்று பாராட்டினார். பாஹிமா தன்னுடையதைக் கண்ணாடி அலுமாரியில் புதுப் பிங்கானுக்குச் சாய்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். அஸீஸாதான் வாசலிலேயே என்னை மறித்தாள். "குடுத்ததத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எப்பருந்து மதினி? அப்ப சவர்க்காரத்தையும் தாறதா? பாதி கரைஞ்சிட்டு."

விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி. ஆனா டிஸ்க் என்ட கையாலதான் வரும். காக்காட மாப்பிளக் கோலத்த நானும் பாக்கத்தானே வேணும்" என்றாள். போன வருடம் அவளுடைய மகளின் கல்யாணத்தில், படம் பிடிக்கும்போது பல்லைக் காட்டாதே, நான் மணவறையில் தலை நிமிரவே இல்லை என்று அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொன்னேன். சபையில் வைத்துச் சொன்னேனாம். அது இன்னும் அவளுக்கு ஆறவில்லை. அவள் வருவதைக் கேட்டு பாஹிமாவும் வந்தாள், காக்காவும் தடியோடு வந்தார். டிஸ்க்குக்கு ஓர் ஆளாகப் பிரதான வீதியில், புடவைக் கடைக்கு மேலே இருக்கும் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனோம்.

அங்கே படிப்பிக்கிறவள் வினோஜா, பாண்டிருப்புப் பிள்ளை. "கடைசி டிஸ்க்க முதல்ல தாங்கம்மா" என்றாள். ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் ஒழுங்கு என்று சொன்னேன். "இல்லம்மா, எது எதுக்குள்ள இருக்கெண்டு கடைசியிலதான் எழுதியிருக்கும். அதப் பாத்துட்டுத்தான் மிச்சத்தக் கேக்கும்." கடைசி என்னுடையது. உள்ளே போட்டாள், கரகரவென்று சத்தம், வெளியே எடுத்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு ஆரம்மா பவுடர் போட்டது?"

சேலை மடிப்புக்குள் வைக்கும் எதற்கும் நான் பவுடர் தூவித்தான் வைப்பேன். அதைச் சொன்னதும் அஸீஸா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை ஊதித் துடைத்துத் திரும்பப் போட்டாள், அல்ஹம்துலில்லாஹ், வாசித்தது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுக் கேட்டு வாங்கியது. கொன்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சுருக்கி எழுதப் படிப்பித்தார். சுருக்கியதைத் திரும்ப விரிக்க யாரும் படிப்பிக்கவில்லை. "இப்பிடிச் சுருக்கினா கசங்காதா பிள்ளை?" என்று கேட்டேன்.

"கசங்காதம்மா. வெள்ளச் சுவரொண்டு இருந்தா, வெள்ள வெள்ள எண்டு ஆயிரம் தரம் எழுதாம, 'வெள்ள, ஆயிரம் தரம்' எண்டு ஒருக்கா எழுதி வைக்கும். விரிக்கக்குள்ள எண்ணி எண்ணிப் போடும். வச்சது வச்சபடி வரும்."

படம் மேலேயிருந்து பாய் விரிக்கிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் பந்தலில் கட்டிய வெள்ளை. பிறகு துருக்கித் தொப்பியின் குஞ்சம். பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் படம் பிடிப்பதா என்று என் வாப்பா ஒரு கிழமை சண்டை பிடித்ததும், பெண் தலை குனிந்திருந்தால் மட்டும் சம்மதம் என்று இறங்கி வந்ததும் ஞாபகம் வந்தன. நெற்றி வந்தது. புருவம் வந்தது. பிறகு மூக்கு வந்தது மகன். நுனியில் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்த மூக்கு. இத்தனை வருடமும் என்னென்ன மூக்கையெல்லாம் அந்த முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்! காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் அவர் நிற்க, நான் கதிரையில் உட்கார்ந்திருந்தபடியால் என் முறை பிறகு வந்தது. முக்காடு வந்தது. அதன் கீழே, தலை நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, உன் வாப்பாவை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒருத்தி.

"மதினீ! இதா உங்கட குனிஞ்ச தல? கடவாய்ப் பல்லும் தெரியிது!"

"அஸீஸா, இது பொதுவிடம்."

"என்ட மகளுக்கு ஏசின இடமும் பொதுவிடந்தான்!"

வினோஜா என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "சிரிக்கக்குள்ள அம்மா நல்ல வடிவு" என்றாள். அது உதவவில்லை. அன்றிலிருந்து அஸீஸா என்னைக் காணும் இடமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுகிறாள்.

ஆகவே நீ எழுத வேண்டியது இது. சூறாவளிக்கு முன் நம் ஹோலில் தொங்கிய படத்தில் நான் தலை குனிந்திருந்ததை ஊரே பார்த்திருக்கிறது, அஸீஸாவும் பார்த்திருக்கிறாள். எனவே பிழை கொம்பியூட்டரில். நாலு டிஸ்க்கும் நாலு வீட்டில் வளர்ந்ததால் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. தேத்தண்ணி ஆவிக்குக் கதவுப் பலகையே விரிகிறது, ஒன்றாம் இலக்கம் மூன்று கிழமை ஆவியில் கிடந்திருக்கிறது, படத்தில் ஒரு வாய் விரிந்ததில் என்ன அதிசயம்? இதை உன் கொம்பனி முத்திரையோடு எழுது. இனிமேல் சுருக்கிய எதையும் எனக்கு அனுப்பாதே.

அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நல்ல தேகசுகத்தையும், உனக்கு மட்டும் மேலதிகமாகக் கொஞ்சம் யோசனையையும் தருவானாக.

இப்படிக்கு உன் உம்மா,
சித்தி லைலா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அஸீஸாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நேற்று நான் தனியாகப் போய் அந்தப் படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். கல்யாணத்தன்று நடந்தது ஞாபகம் வந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், விட்டவர் வெளியே வரவே இல்லை. பக்கத்தில் என் வாப்பா பொலிஸ்காரர் மாதிரி நின்றார். அப்போது உன் வாப்பா உதடு அசையாமல், "முட்ட போட்டுட்டுத்தான் வெளிய வருவான் போல" என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனுசன் கமராவை அமத்தினார். என் வாப்பா ஏசி, இரண்டாவது ஒன்று பிடிக்கச் செய்தார். ஹோலில் தொங்கியது அந்த இரண்டாவது. "முதலாவதின் கண்ணாடித் தகட்டை உடைக்கச் சொல்லிவிட்டேன், பயப்படாதே" என்று உன் வாப்பா என்னிடம் சத்தியம் பண்ணினார். உடைக்கவில்லை. அதில் பிரதியொன்று எடுத்து, கொழும்புக் கூட்டாளியிடம் கொடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். மௌத்தாகும் வரை சொல்லவும் இல்லை.

பெரிதாக ஒன்று பிரின்ட் எடுத்து அனுப்பு. பழைய ஆணி சுவரில் அப்படியே இருக்கிறது. இன்னொன்று அஸீஸாவின் மகளுக்கு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேறு படங்கள் அந்தக் கூட்டாளியின் மகனிடம் இருந்தால் எத்தனை டிஸ்க் ஆனாலும் சுருக்கி அனுப்பு, பங்கு வைக்க மாட்டேன். வினோஜா சொன்னது சரிதான். ஒன்றும் கசங்கவில்லை. வச்சது வச்சபடி வந்திருக்கிறது.