ஒத்திகைக்குச் செத்த விவரம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன், முழு உயிரோடும் சுயநினைவோடும், தன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மாலை நான் காலமாகிவிட்டதாக உங்களுக்குத் தொலைபேசியில் செய்தி வந்து, நீங்கள் உங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் எழுந்து நிற்கவைத்து எனக்காக இரண்டு பாட்டுகள் பாடி, பையில் துணியைத் திணித்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்துவிட்ட பிறகு, நான் சாகவில்லை என்று அடுத்த செய்தி வந்ததாகவும், அதைக் கேட்டு நீங்கள் படாரென்று தொலைபேசியை வைத்துவிட்டதாகவும் அறிந்தேன். ஆகவே வெறும் 'நலம்' உங்களுக்குப் போதாது. __________ அருளால் நாங்கள் இங்கே அனைவரும் உயிரோடு நலம். கோடிட்ட இடத்தை உங்கள் நம்பிக்கைப்படி நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். அது என்னால் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செத்துப் பிழைத்தான் என்று சிலரைச் சொல்வார்கள். நான் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒரு மனிதன் தன் வீட்டுக் கூடத்தில், மாலை நான்கு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, நான்கு பேர் சுற்றி நிற்க ஏன் தூங்கினான் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

நான் தீயணைப்பு நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஒத்திகை பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. ஏணி இருக்கிறது என்றால் போதாது, ஏறிப் பார்க்க வேண்டும். குழாய் இருக்கிறது என்றால் போதாது, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் புத்திதான் கடைசியில் கடவுளையும் நம்ப முடியாமல் செய்துவிட்டது, மச்சான். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. ஒரு கிடங்குத் தீயில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருவரை நானும் என் ஓட்டுநரும் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். இன்னொருவரிடம் போய்ச் சேர முடியவில்லை. வெளியே நின்ற கூட்டம் 'கடவுள் காப்பாத்திட்டார்' என்று கையெடுத்துக் கும்பிட்டது. அப்படியென்றால் அந்த இன்னொருவரை என்ன செய்தார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வண்டியில் போய் உட்கார்ந்தேன். வானொலியில் யாரோ புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. வார்த்தை வந்திருந்தால் அது யாரையாவது புகழ ஆரம்பித்திருக்கும். அந்த இசை எனக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை, என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. கூடவே இருந்தது. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அன்றைக்கு ஆரம்பித்தது இது.

ஓய்வு பெற்ற பிறகு நூலகத்துக்குப் போய்ப் பொன்மொழிகளைத் தேடி எழுதிவைக்க ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டு, நீல அட்டை. அதில் ஒரு கொள்கை வைத்திருந்தேன்: சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடக் கூடாது அல்லவா? சொல் தன் காலிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கொள்கை என்னை எப்படிக் கவிழ்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நூலகத்தில் என்னைப் போலவே இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பல் டாக்டர், இன்னும் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை கூடி ஒரு பொன்மொழியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். உங்கள் தங்கை டீ கொடுத்துவிட்டு, "உங்க கூடத்துல எங்க கூடத்தைவிடச் சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கையில்தான் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, அறுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி, அடுத்த மாதம் பதினான்காம் தேதி குறித்துவிட்டார்கள். பயமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்வதில் என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் தங்கையிடம், "எனக்கு ஒண்ணு ஆயிட்டா பிரார்த்தனை கிரார்த்தனை எதுவும் வேணாம். புல்லாங்குழல் ஒண்ணு, நோட்டுல இருந்து ஏழு பொன்மொழி, அவ்வளவுதான். பண்ணுவியா?" என்று கேட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பண்றேன்" என்றாள். ஒரே சொல். முப்பத்தெட்டு வருடமாகக் காலையும் மாலையும் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறவள். எனக்குத்தான் மனம் நிற்கவில்லை. சொல்வது வேறு, அந்த நேரத்தில் செய்வது வேறு. ஏணியில் ஏறிப் பார்க்காமல் எப்படி நம்புவது? ஒத்திகை வைத்துவிட்டேன்.

திட்டம் மிக எளிது. நான் கட்டிலில் படுத்துக்கொள்வது. எங்கள் மாப்பிள்ளை தன் கைப்பேசியில் இசையைப் போடுவது, மூன்று நிமிடம். உங்கள் தங்கை ஏழு பொன்மொழிகளை வாசிப்பது. பிறகு எல்லாரும் சத்தமில்லாமல் கலைந்து போவது. மொத்தம் இருபது நிமிடம். நடந்தது என்னவென்றால், இசை ஆரம்பித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, குழல் நல்ல இடத்துக்கு வரும்போது அது நின்று, "நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? இன்றே ஆயுள் காப்பீடு செய்யுங்கள்!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. மாப்பிள்ளை பதறிப்போய், "மாமா, காசு கட்டினாத்தான் விளம்பரம் வராது மாமா" என்றார். "பொணத்துக்கிட்ட ஏன்யா சொல்றீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார். நான் கண்ணைத் திறக்காமலே மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். இரண்டாவது முறை கால்வலித் தைலம் வந்தது.

மூன்றாவது முறை இசை முழுதாக ஓடியது. பிறகு உங்கள் தங்கை நோட்டைப் பிரித்து முதல் பொன்மொழியை வாசித்தாள்: 'சந்தேகப்படச் சொல்பவனையும் கொஞ்சம் சந்தேகப்படு.' வாத்தியார் உடனே கையைத் தூக்கினார். இது என் இறுதி நிகழ்ச்சி என்ற நினைப்பே இல்லை அவருக்கு. "அப்ப இந்த வாக்கியத்தையும் சந்தேகப்படணும். இதைச் சந்தேகப்பட்டா, சந்தேகப்பட வேண்டியதில்லைன்னு ஆகுது. எது சரி?" என்று ஆரம்பித்தார். பல் டாக்டர் விடவில்லை. "கொஞ்சம்னு போட்டிருக்கில்ல, அந்தக் கொஞ்சத்துக்கு என்ன அளவு?" என்றார். மச்சான், காலையில் போட்ட இதய மாத்திரை, மதியம் சாப்பிட்ட சாப்பாடு, மேலே ஓடும் மின்விசிறி, கண் மூடிய நிலையில் காதில் கணக்கு வாத்தியார் குரல். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரைத் தூங்கவைத்திருப்பார் அவர்! நானும் தூங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிவேன். வாதம் முடிந்து, தீர்ப்புக் கேட்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசவில்லை. நடிப்பு என்று நினைத்துத் தட்டியிருக்கிறார்கள். அசையவில்லை. பல் டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, "நாடி கிடைக்கலையே!" என்றிருக்கிறார். பல்லைத் தவிர வேறு எதையும் தொட்டு அவருக்குப் பல வருடம் ஆகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான், கூடம் காலி. டாக்டர் தன் பெட்டியை எடுக்க ஓடினார், வாத்தியார் ஆம்புலன்ஸை நிறுத்தத் தெருமுனைக்கு ஓடினார், மாப்பிள்ளை ஆம்புலன்ஸைக் கூப்பிட மொட்டை மாடிக்கு ஓடினார், ஏனென்றால் கூடத்தில் சிக்னல் கிடைக்காது. கீழ்வீட்டுக்காரரை நாங்கள் ஒலிபெருக்கி என்றுதான் சொல்வோம். அவர் இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வாசல் சுவரில் எழுதிவைத்திருந்த உங்கள் எண்ணைப் பார்த்து, யாரும் சொல்லாமலே உங்களுக்குச் சொல்லிவிட்டார். அவசர நேரத்தில் உதவுகிற மனிதர் என்று பெயர் வாங்கியவர்.

கூடத்தில் மிஞ்சியது உங்கள் தங்கை மட்டும்.

எனக்கு விழிப்புத் தட்டியது அவள் குரலில்தான். மச்சான், அவள் பிரார்த்தனை செய்யவில்லை. யாரும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, நான் போய்விட்டேன் என்று டாக்டரே சொல்லியாயிற்று, அவளுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அந்தப் பிரார்த்தனைதான். அவள் நோட்டைப் பிடித்துக்கொண்டு என் பொன்மொழிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கியது. நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாள். 'பயத்தில் பிறந்த நம்பிக்கை, பயம் போனதும் விடைபெற்றுக்கொள்ளும்' என்று வாசித்தபோது என் பயம் எங்கேயும் போகவில்லை என்பதை உணர்ந்தேன். கண்ணைத் திறந்தால் அவமானம், திறக்காவிட்டால் பாவம். (அந்தச் சொல்லை நான் பயன்படுத்தக் கூடாதுதான்.) ஏழாவதற்கு வந்தாள். அது என் நோட்டிலேயே எனக்கு மிகப் பிடித்தது, வீட்டு அகராதிக்குள் கிடந்த ஒரு கிழிந்த தாளில் பார்த்து எழுதியது: 'தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஆறுதல் தருவதைவிட, தெரியாது என்று சொல்லிக் கூட உட்கார்ந்திருப்பேன்.' உலகத்தின் எந்த மூலையில் எந்தச் சுதந்திரச் சிந்தனையாளர் சொன்னாரோ என்று மூன்று வருடமாக வியந்துகொண்டிருந்தேன். அவள் அதை வாசித்துவிட்டு, "இது எங்க அண்ணன் சொன்னதுங்க" என்றாள். "அம்மா போனப்ப, அம்மா இப்ப எங்கண்ணே இருப்பாங்கன்னு கேட்டு எழுதினேன். அதுக்கு எழுதின பதில்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் அலறவில்லை, மயங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முடிஞ்சுதா? எந்திரிங்க, சட்டை கசங்குது" என்றாள். எவ்வளவு பெரிய மன உறுதி பாருங்கள்!

உங்கள் எழுத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று கோபப்படாதீர்கள். நீங்கள் என்றைக்கு எனக்குக் கடிதம் எழுதினீர்கள்? பிரார்த்தனைக் கூடம் நடத்துகிறவர் உள்ளே இப்படி ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டிருப்பார் என்று நான் எப்படிக் கண்டேன்? முப்பத்தெட்டு வருடமாக உங்களோடு வாதாட ஆள் இருக்கிறது என்று தெம்பாக இருந்தேன், ஏழில் ஒன்று உங்களுடையதாகிவிட்டது. போகட்டும். நான் இப்போது உங்களுக்கு இதை எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறு. அந்த ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில் எனக்கு ஒன்று உறைத்தது. செத்தவனுக்கு என்ன வாசித்தால் என்ன? அவன் கேட்கப்போவதில்லை, இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவனே நான்தான். கேட்கப்போவது அவள். அவளிடமிருந்து அவளுடைய ஒரே கைப்பிடியைப் பிடுங்கிவிட்டு, என் நோட்டைக் கையில் கொடுத்துத் தனியாக நிற்கவைக்க எனக்கு என்ன உரிமை? ஆகையால் மச்சான், பதினான்காம் தேதி ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் வந்து அவள் பக்கத்தில் நின்று, அவளுக்கு எந்தப் பிரார்த்தனை வேண்டுமோ அதை எத்தனை முறை வேண்டுமோ அத்தனை முறை செய்யுங்கள். என் கொள்கை மாறவில்லை. நிபந்தனையைத்தான் வாபஸ் வாங்கிவிட்டேன். இதை எழுத்துப்பூர்வமாகத் தருகிறேன்.

வீட்டில் அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. எனக்காக எழுந்து நின்று பாடியவர்களுக்கெல்லாம் என் நன்றியைச் சொல்லி, மன்னிப்பும் கேளுங்கள். சாகாதவனுக்குப் பாடிய பாட்டு வீண் போகாது, பின்னால் ஒரு நாள் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். படித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குலுங்கினாள். "நீங்க செத்துட்டீங்கன்னு எவன் சொன்னான்? எல்லாரும் ஓடினதும் கொர்ருன்னு ஒரு குறட்டை விட்டீங்க பாருங்க, கட்டிலே ஆடுச்சு. சிரிப்பை அடக்கிக்கிட்டுப் படிச்சேன், குரல் நடுங்கிடுச்சு" என்கிறாள். ஆகவே மேலே நான் எழுதிய மன உறுதி, மூச்சு வாங்குதல் முதலியவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். நிபந்தனையை வாபஸ் வாங்கியதுகூட அவளுக்கு வேண்டாமாம். "பண்றேன்னு சொன்னேன், பண்ணுவேன். நோட்டுதான் படிப்பேன். ஆனா நான் முந்திக்கிட்டா, நீங்க எனக்கு எங்க பிரார்த்தனையைச் சொல்லணும், முழுசா, வேப்பங்காய் தின்ன மூஞ்சியை வச்சிக்காம" என்றாள். நியாயம்தானே, சரி என்றேன். இன்று காலை அவளே ஒத்திகைக்கு வந்து கட்டிலில் படுத்தாள். கைகளை மார்பில் வைத்துக் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் வரியே வெளியே வரவில்லை, மச்சான். 'எந்திரி' என்றேன், 'எந்திரிடி' என்று கத்திவிட்டேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்ன, மறந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். முப்பத்தெட்டு வருடம் தினம் இரண்டு வேளை காதில் விழுந்தது, எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. இருந்தாலும் மறந்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டபடியால், தயவுசெய்து அந்தப் பிரார்த்தனையைப் பெரிய எழுத்தில் எழுதி, அவள் பார்க்கிற மாதிரி, தபாலில் அனுப்பிவையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாகவே அனுப்புங்கள்.