வீட்டை விட்டுப் போகும் உரிமை

மனித குலத்தின் மகத்தான விடுதலைப் போராட்டங்கள் எல்லாமே ஏதாவது ஒரு கொடுமையில்தான் தொடங்கியிருக்கின்றன. இந்தப் போராட்டம் ஓர் ஈரத் துண்டில் தொடங்கியது. கட்டில்மேல் கிடந்த அதை எடுத்துக் கொடியில் போடும்படி அம்மா சொன்னாள். அதுவும் இரண்டாவது தடவையாக. பதினேழு வயது மகள் அக்கணமே அறைக்கதவை அறைந்து சாத்தினாள். பிறகு, பசித்ததால், திறந்தாள்.

"நான் தனியாப் போறேன். இந்த வீட்ல மனுஷி இருப்பாளா?"

குடும்பத் தலைவர் சோபாவில் சாய்ந்தபடியே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். எதுவும் 'உரிய வழியில்' நடக்க வேண்டும் அவருக்கு.

"எதுன்னாலும் சட்டப்படி செய்யணும். வக்கீல் மாமாவைக் கேளு. அம்மா கூட வருவா."

கூட்டம் இனிதே முடிந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வக்கீல் மாமாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, எத்தனை வயசுல வீட்டை விட்டுப் போகலாம்?"

"பதினெட்டு. அதுக்கு முன்னாடின்னா பெத்தவங்க சம்மதிக்கணும். இல்லேன்னா கோர்ட்டு."

"பதினெட்டுக்கு அப்புறம் என் துணியை யாரு துவைப்பாங்க?"

மாமா தடித்த புத்தகம் ஒன்றைப் பயபக்தியுடன் புரட்டினார். "இதுல சட்டம் மௌனமா இருக்கும்மா."

"சாப்பாடு?"

"அதுலயும்."

இவ்வளவு ஓட்டைச் சட்டத்தை வைத்துக்கொண்டு நாடு எப்படி நடக்கிறது என்று மகளுக்கு விளங்கவில்லை. கூட வந்திருந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, பதினெட்டு வரைக்கும் இவளைப் பாத்துக்கறது எங்க பொறுப்பு. அப்படித்தானே?"

"சந்தேகமே இல்ல."

"அதுக்கப்புறம்?"

"அவ பாடு."

அம்மா மெல்லத் தலையாட்டினாள். பாவம், பிரிவை நினைத்து இப்போதே கலங்குகிறாள் என்று மகளுக்கு மனசு இளகிவிட்டது. பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்து ஆறுதல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்மா. அழுக்குத் துணியோட."

பதினெட்டாவது பிறந்தநாளும் வந்தது. சமையல், சலவை வசதியுடன் தனியறை எதுவும் அகப்படாததால், விடுதலை 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' ஒத்திவைக்கப்பட்டிருந்தது. மகள் சாவகாசமாக எழுந்து வந்தாள். வாசலில் பெட்டி. பக்கத்தில் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எதுக்கும்மா? நான்தான் போகலையே."

"தெரியும். நான் போறேன். பெரியம்மா வீட்டு மாடி ரூம் காலியா இருக்கு. போன வாரமே பேசிட்டேன்."

மகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வருவே?"

"கூப்பிட்டா வருவேன்டா. விருந்தாளியா." அம்மா அவள் தலையை வருடி, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, படியிறங்கினாள்.

சோபாவிலிருந்து குரல் வந்தது. "அப்போ காபி?"

அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் ஒருத்தி அடைபட்டுக் கிடந்தது மெய்தான். அது எவள் என்பதில்தான் எல்லோருக்கும் சிறு குழப்பம் இருந்திருக்கிறது.