அம்மா மினுக்கிய ஜப்பான் ட்றைவர்

ஒரு சாமானைப் பற்றி இருக்கிற அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்தவனின் கையில் அந்தச் சாமானை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. நான் ஊரைத் திருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு காலத்தில் ஜப்பானிய கோல்ஃப் மட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. கவனியுங்கள், கோல்ஃப் பைத்தியம் அல்ல. விளையாடப் போன சில தடவைகளிலும் பந்தைவிடப் புல்லுக்குத்தான் அடி அதிகம் விழுந்தது. எனக்குப் பிடித்தது மட்டை. அதிலும் ட்றைவர் என்று சொல்லுகிற மட்டை. முதல் அடியைத் தூரமாக அடிப்பதற்கென்றே செய்தது. நீண்ட தண்டின் நுனியில் தேங்காய்ப் பாதி போல ஒரு தலை இருக்கும். கடையில் கிடைப்பது தொழிற்சாலைச் சாமான். ஜப்பானில் சில சின்னப் பட்டறைகளில், ஒரு மனிதரே இருந்து, டைட்டேனியம் தலையைக் கையால் அராவி, நிறை பார்த்து, அடிக்கப் போகிறவரின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றபடி செய்து கொடுப்பார். வேலையிடத்துச் சாப்பாட்டு நேரம் முழுக்க நான் அந்த மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் அராவுவார்கள். நான் சோற்றைப் பிசைவேன்.

இந்த அறிவால் உலகத்துக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை, அபியின் அப்பாவைச் சந்திக்கும்வரை.

அபி அப்போது என் காதலி. (இப்போது மனைவி. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள், முடிவு தெரிந்தால்தான் இடையில் நடந்ததை நிம்மதியாக வாசிக்கலாம்.) அவள் வீட்டார் நகரத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கி இருந்தார்கள். கராஜில் கார் நிற்காது, அவள் அப்பாவின், அதாவது அங்கிளின், கோல்ஃப் சாமான்கள்தான் நிற்கும். எங்கள் விஷயத்தை அபி வீட்டில் சொன்னபோது அங்கிள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “பார்ப்பம்” என்றார். பிறகு கேட்டபோதும் “பார்ப்பம்.” அபியின் அம்மா, அன்ரி, கேட்டபோதும் அதுதான்.

“அப்பாட பார்ப்பம் எண்டா அது ஒரு ஸ்லோவான நோ” என்று அபி எனக்கு விளக்கினாள். “யூ ஹாவ் டு இம்ப்ரெஸ் ஹிம்.”

இம்ப்ரெஸ் பண்ணுவதற்கு என்னிடம் வேறென்ன இருந்தது? அடுத்த தடவை போனபோது ஜப்பானிய ட்றைவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறியது. நான் ஆறவில்லை. தண்டையும் தலையையும் எந்தப் பசையால் ஒட்டுகிறார்கள், சூடு பட்டால் அந்தப் பசை எப்படி இளகும், அதனால்தான் தலையைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டும் சேருகிற கழுத்தைச் சூடாக்குவார்கள் என்பது வரைக்கும் சொன்னேன். (இந்த வரியை நினைவில் வைத்திருங்கள். எனக்குத்தான் அது நினைவில் இருக்கவில்லை.) அங்கிள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், தனக்கும் அப்படி ஒன்று எடுப்பிக்கலாமோ என்றார்.

எடுப்பிப்பதாவது! ஒரு பட்டறைக்கு நானே எழுதினேன். அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுபோய் அங்கிளை அளந்தேன். மணிக்கட்டிலிருந்து நிலம் வரைக்கும், உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும். சட்டை தைக்க நிற்கிற பிள்ளை மாதிரி அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு என்ன நிறம் என்று பட்டறைக்காரர் கேட்டபோது அங்கிள் சாதாரண வெள்ளியைச் சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. நெருப்பு நிறம்தான் எடுக்கவேண்டும் என்றேன். டைட்டேனியத்தைத் தீயில் காட்டினால் பொன், ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். அந்த மனிதர் தன் கையால் சுட்டு எடுக்கிற நிறம், ஒன்றைப் போல இன்னொன்று வராது, ரசனை உள்ளவர்கள் அதைத்தான் கேட்பார்கள். படத்தையும் அனுப்பினேன். அங்கிள் படத்தை நிறைய நேரம் பார்த்தார். பிறகு, “நீர் சொன்னாச் சரி, தம்பி” என்றார்.

விலாசம் மட்டும் எங்கள் மல்வேர்ன் வீட்டு விலாசம் கொடுத்தேன். புது இடத்தில் பார்சல் மாறிப் போகும் என்று அங்கிளிடம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், அந்தப் பெட்டியை முதலில் நான் திறக்க வேண்டும் என்ற ஆசை.

மாதக்கணக்கில் காத்திருந்தபின் பெட்டி வந்தது. திறந்தேன். பின்நேரம் மழை விட்ட வானத்தைப் பிடித்து ஒரு தேங்காய்ப் பாதிக்குள் அடைத்தது போல இருந்தது. அன்றிரவு அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். வருகிற ஞாயிறு அம்மா, அப்பாவோடு முதன்முறையாக அபி வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அன்றைக்கே கொண்டுபோய் அங்கிளின் கையில் கொடுப்போம், அவர் “பார்ப்பம்” என்பதை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டை இல்லை. குசினிக்குள் இருந்தது. சிங்குக்குப் பக்கத்தில், கழுவின கோப்பைகளோடு சேர்த்து, தலைகீழாகக் காயப் போட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தா.

“என்னடா, அடிப்பிடிச்ச சாமானை அனுப்பியிருக்கிறாங்கள்? நீயும் பார்க்காமல் வாங்கி வைச்சிருக்கிறாய். பெட்டை வீட்டுக்கு முதல் முதல் கொண்டுபோறது, உப்பிடியே குடுக்கிறது? பழப்புளி போட்டு, கம்பிப் பஞ்சு கொண்டு நல்லா மினுக்கிப் போட்டன். கை நோகுது.”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எவர்சில்வர் தாச்சி அடுப்பில் கருகினால் அதே பொன், அதே ஊதா, அதே நீலம் ஓடும். அதைப் பார்த்தவுடன் புளியைக் கையில் எடுப்பது அம்மாவின் வாழ்நாள் பழக்கம். குத்துவிளக்கு மினுங்குகிற வீட்டைத்தான் நாலுபேர் மதிப்பார்கள் என்பது அவவின் கொள்கை. அதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது நான் குசினி நிலத்தில் குந்திவிட்டேன்.

“ஏன்டா, மினுங்கேல்லையே இன்னும்?” என்று கேட்டா அம்மா.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது ஒரு கட்டுரையாகவே வந்திருக்காது. அங்கிளிடம் போய், இப்படி நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த அறிஞர் விடவில்லை. நிறம் தீயால் வந்தது. தீ எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மீன் பொரிக்கிற மணம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று அம்மா பின்வளவில் ஒரு காஸ் அடுப்பு வைத்திருந்தா. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அதைப் பற்றவைத்தேன். ஜப்பானிய மனிதர் வீடியோவில் காட்டுகிற மாதிரி, கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி, தலையை மெல்ல மெல்லத் தீக்கு மேலே திருப்பினேன்.

அவருக்கு வானம் வந்தது. எனக்குத் தேத்தண்ணிக் கறை வந்தது. கொஞ்சம் கூடக் காட்டினால் நீலம் வருமென்று கூடக் காட்டினேன். கறை பெரிதாகியது. கழுத்துப் பக்கத்திலிருந்து ஏதோ கருகின மணம் வந்தது. முந்தநாள் பொரித்த மீனின் மணம் என்று நினைத்தேன். ஆறவிட்டுப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தலை இறுக்கமாகத்தான் இருந்தது. சரி, தப்பித்தோம் என்று உறையைப் போட்டு மூடிவிட்டேன்.

ஞாயிறு காலை அம்மா உறையைக் கழற்றிப் பார்த்திருக்கிறா. “திரும்பவும் அடிப்பிடிச்சுக் கிடக்கு, என்ன சாமானோ” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இன்னொருமுறை புளி போட்டு மினுக்கியிருக்கிறா. எனக்கு அது காருக்குள் வைத்துத்தான் தெரிய வந்தது. மக்கோவன் வீதியால் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். திரும்பிப் போகச் சொல்ல என்ன காரணம் சொல்வது?

ஸ்ரௌவ்வில்லில் வெயில் நல்லாயிருந்தது. பின்வளவில் அங்கிள் பந்து அடித்துப் பழகுவதற்கு வலை கட்டியிருந்தார். வலைக்கு அப்பால் வேலியோரம் அன்ரி பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கவிட்டிருந்தா. (அவவும் மணத்துக்குப் பயந்து வெளியேதான் சமைப்பா. இரண்டு குடும்பத்துக்கும் இந்த ஒரு பொருத்தமாவது இருந்தது.) அங்கிளின் கண் என் முகத்தில் படவேயில்லை. கையில் இருந்த மட்டையில்தான் இருந்தது.

உறையைக் கழற்றினார். பார்த்தார். வெயில் பட்டு அவருடைய மூக்குக் கண்ணாடியில் வெள்ளி அடித்தது. அபி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் படம் காட்டியிருந்தேனே.

அங்கிள் தலையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். “என்ன தம்பி, புளி மணக்குது?”

“ஜப்பான் பொலிஷ், அங்கிள்” என்றேன். வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இவ்வளவு கேவலமானதை நான் அதற்கு முதலும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை.

அவர் பந்தை வைத்தார். அன்ரியைத் தவிர எல்லோரும் படியில் நின்று பார்த்தோம். கால்களை அகட்டி, நாடாவால் நான் அளந்த அந்தக் கைகளை நீட்டி, இடுப்பைத் திருப்பி, மனிதர் வடிவாக ஓங்கினார். வீசினார்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலை போய்விட்டது.

அது வலைக்கு மேலால், வெயிலில் மினுங்கிக்கொண்டு, அம்மா இரண்டு தடவை மினுக்கியதன் முழுப் பயனையும் காட்டிக்கொண்டு போனது. பிறகு “டங்” என்று ஒரு சத்தம். கறிச்சட்டியின் மூடியில் விழுந்து, துள்ளி, புல்லில் உருண்டது. அன்ரி சட்டியிலிருந்து நாலடி தள்ளி, கையில் அகப்பையோடு, அசையாமல் நின்றா. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு இறங்குகிறது.

அங்கிள் கையில் மிஞ்சிய தண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பசையைப் பற்றி நான் விளக்கிய விளக்கம் முழுவதும் அவர் முகத்தில் திரும்ப ஓடுவது தெரிந்தது.

“சூடு காட்டினனீரோ?”

அம்மாதான் முன்னுக்கு வந்தா.

“அண்ணை, நான் சொல்லுறன். அடிப்பிடிச்சு வந்தது. நான் புளி போட்டு மினுக்கினன். மினுக்கினதிலை பிழை இல்லை. இவன்தான் பிறகு களவாக் கொண்டுபோய் அடுப்பிலை வைச்சிருக்கிறான் போல. மீன் அடுப்பு மூடாமல் கிடந்தது, அப்பவே யோசிச்சன்.”

அங்கிள் புல்லுக்குள் போய்த் தலையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அபியைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் கோல்ஃப் வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டு எங்கேயாவது குளிரான ஊரில் வேலை தேடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா” என்றார் அம்மாவிடம், “அந்தப் படத்தைப் பார்த்த நேரம் எனக்கும் கருகின தாச்சி மாதிரித்தான் கிடந்தது. கூட விளையாடுற ஆக்களுக்குக் காட்டினன், அவங்களும் என்ன எரிஞ்சதெண்டு கேட்டவங்கள். தம்பி கதைச்ச கதையிலை எனக்கு வாய் திறக்கப் பயமாக் கிடந்தது. ரசனை இல்லாத மனிசன் எண்டு நினைச்சிடுவாரோ எண்டு.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, உம்மிலை எனக்கு வேறை குறை இல்லை. உமக்கு எல்லாம் தெரியுமெண்டதுதான் பயம். ஆயுள் முழுக்க இருந்து கேட்கவேணுமே எண்டு யோசிச்சன். உமக்கும் பிழை வரும் எண்டு இண்டைக்குக் கண்டன். இனிப் பயமில்லை. வாரும், சாப்பிடுவம்.”

அந்தக் கறியைப் போல ஒரு கறியை நான் பிறகு சாப்பிட்டதில்லை. மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். வாயைச் சாப்பிடுவதற்கு மட்டும் திறந்தேன்.

தலையை ஸ்காபரோவில் மட்டை திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து ஒட்டுவித்தோம். அங்கிள் இன்றைக்கும் அந்த மட்டையால்தான் அடிக்கிறார். முன்னையைவிடத் தூரம் போகிறதாம். மினுக்கத்தைப் பார்த்து யாராவது எங்கே செய்ததென்று கேட்டால், “செய்தது ஜப்பானிலை, முடிச்சது மல்வேர்னிலை” என்கிறார். அம்மாவுக்கு அதில் பெருமை. அன்ரியின் வீட்டில் நெளிந்த மூடி இன்னும் இருக்கிறது. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவவின் குரல் வரும்: “மருமகன் வந்திட்டார், சட்டியளை மூடுங்கோ.”

சில மாதங்களாக நான் ஜப்பானியச் சமையல் கத்திகளைப் பற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மனிதர் கையால் தட்டித் தீட்டுகிற கத்தி, அற்புதமான சாமான். மாமாவுக்கு (அந்தப் பழைய அங்கிள்தான்) ஒன்று எடுப்பிக்கட்டோ என்று போன கிழமை கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பார்ப்பம்” என்றார். “முதல்லை உதைச் சொல்லும். பிடி ஒட்டினதோ, ஆணி அடிச்சதோ?”