பரிசத்துக்குப் பதுங்கிய டபுள் கெப்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சும்மா விட்டுவைக்க முடியாமல் போவது ஒரு வியாதி. முதலில் ஹோர்னை மாற்றுவார்கள். பிறகு லைட்டை மாற்றுவார்கள். பின்கண்ணாடியில் கழுகுப் படம் ஒட்டுவார்கள். இதெல்லாம் ஆரம்பக் கட்டம். நோய் முற்றியவர்கள் வண்டியின் உயரத்திலேயே கைவைப்பார்கள். எனக்கு முற்றியிருந்தது.

அப்போது அலுவிகாரையில் எங்கள் வீட்டு வாசலில், முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியுமாக ஒரு டபுள் கெப் நின்றது. பழைய வண்டிதான். ஆனால் அசல் ஃபோர் வீல். மலைத் தோட்டங்களில் மிளகு வாங்கி டவுனுக்கு ஏற்றி இறக்குவது என் தொழில். வழுக்கும் மண்பாதையோ மதகு உடைந்த ரோட்டோ, அந்த வண்டி முனகாமல் ஏறும்.

அது ஏறியதால்தான் எனக்குப் பெண்ணும் கிடைத்தது. மிகைப்படுத்தவில்லை. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாக்கியம் அத்தை பார்த்துவைத்த இடம். பெண் பெயர் சுகந்தி, தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா என் படிப்பைக் கேட்கவில்லை, பழக்கவழக்கத்தைக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கெப்பைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மழ நேரத்துலயும் இது மேல வருமா தம்பி?"

"எந்த மழைக்கும் வரும் மாமா."

மனிதர் திருப்தியாகத் தலையாட்டினார். காரணத்தை அத்தை பிறகு சொன்னாள். முன்பொரு அடைமழையில் சுகந்தியின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. எந்த வண்டிக்காரனும் மேலே வர மாட்டேன் என்றுவிட்டதால், அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தார் ரோடு வரைக்கும் தோளில் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். (நல்லவேளை பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னைவிட வேகமாக மலை ஏறுகிறார்.) ஆக, அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது மேலே வருகிற ஒரு வண்டி. மாப்பிள்ளை அதோடு சேர்ந்து வந்த உதிரிப்பாகம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டே, பரிசம் போடுவதற்கு முந்தின வாரம், அந்த வண்டியை நான் இறக்கினேன்.

எல்லாம் இந்தக் கைப்போனால் வந்த வினை. தாய்லாந்துப் பையன்கள் தங்கள் கெப் வண்டிகளைத் தரையோடு தரையாக இறக்கி, பாம்பு மாதிரி ஓட்டிக்கொண்டு போகும் வீடியோக்கள் அதில் வந்துகொண்டே இருந்தன. பார்த்துப் பார்த்து, என் வண்டி மட்டும் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. பரிசத்துக்குப் போகிற வண்டி இப்படியா போவது?

கூடப் படித்த ரிஸ்வான் பக்கத்திலேயே கராஜ் வைத்திருந்தான். கைராசிக்காரன். தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்க மட்டும் தெரியாது.

"லோ பண்ணினா சாமானே வேற மாதிரி ஈக்கும் மச்சான்," என்றான். "முன்னுக்கு முறுக்குக் கம்பிய லூஸ் பண்ணுவோம். பின்னுக்கு அக்ஸலுக்கு மேல ஈக்கிற ஸ்பிரிங் தகட கீழ மாத்துவோம். சிங்கம் மாதிரி பதுங்கும்."

"மேடு பள்ளத்துல அடிக்காதா?"

"நீ என்ன ரேஸுக்கா போற? பொண்ணு ஊட்டுக்குத்தானே போற."

அந்தப் பொண்ணு வீடு எங்கே இருக்கிறது என்பது அவனுக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

வேலை முடிந்ததும் நாலந்தா வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தேன். வழவழப்பான ரோடு. கடைவாசல்களில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் என் முகத்தை நானே அடிக்கடி பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா, "ஏறி எறங்க லேசா இருக்கும்," என்று சந்தோஷப்பட்டாள். அப்பா மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நாலு டயர்லயும் காத்து போயிருச்சாடா?" என்று கேட்டார்.

பரிசத்துக்கு முதல் நாள் மலையில் நல்ல மழை. பரிசத்தன்று காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வாடகை வேனில் வந்து, தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கினார்கள். அதற்கு மேல் தோட்டத்து மண் ரோடு, வேன் போகாது. பெரியவர்களையும் தட்டுகளையும் நான் தவணை தவணையாக மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. முதல் தவணையில் அத்தை முன்சீட்டில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தாள். பின்னால் அம்மா, அப்பா, மடியில் பழத்தட்டுகள்.

தோட்டத்து ட்ராக்டர் ஓடி ஓடி அந்த ரோட்டில் இரண்டு ஆழமான தடங்கள் விழுந்திருந்தன. நடுவில் புல் முளைத்த நீண்ட வரப்பு. எத்தனையோ முறை போய்வந்த ரோடுதான், ஆனால் அங்கே அப்படி ஒரு வரப்பு இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதலில் சரசரவென்று ஒரு சத்தம்.

"யாரோ கீழருந்து சொறியிற மாதிரி இருக்கே," என்றாள் அத்தை.

"புல்லு அத்தை."

அடுத்தது 'டொக்'. "கல்லு அத்தை," என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குக் கீழே, கடைசி வளைவில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, அடைகாக்கும் கோழி மாதிரி வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"ஏன்டா நிப்பாட்டுன?"

"நான் நிப்பாட்டல அத்தை."

ஃபோர் வீலைப் போட்டு அழுத்தினேன். நாலு சக்கரமும் அற்புதமாகச் சுற்றின. (அதுதான் ஃபோர் வீலின் பெருமை. மற்ற வண்டிகளில் இரண்டு சக்கரம்தான் வீணாகச் சுற்றும்.) வண்டி அசையவில்லை. சத்தத்தைக் கேட்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது. மேலேயிருந்து மாமா வெள்ளைச் சட்டையோடு குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போன தரம் வண்டி ஒசரமா இருந்திச்சே தம்பி?"

"கொஞ்சம் எறக்கிருக்கேன் மாமா."

"என்னத்த எறக்கினீங்க?"

"வண்டிய."

"ஏன்?"

"அழகுக்கு," என்றேன்.

மாமா திரும்பி நாங்கள் வந்த ரோட்டைப் பார்த்தார். அந்த நாற்காலியைச் சுமந்துகொண்டு இறங்கிய ரோடு அதுதான். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்ல நேரம் போகுது, யாராச்சும் ஏதாச்சும் செய்யுங்கப்பா!" என்று அத்தை கத்தினாள். ஆண்கள் எல்லோரும் சலவை வேட்டியில் சுற்றி நின்று ஆலோசனை சொன்னார்கள். ஒருவர் கல் வைக்கச் சொன்னார். இன்னொருவர், அத்தை இறங்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்றார். அத்தை இறங்கினாள். பிரச்சினை தீரவில்லை, அந்த மனிதர் மட்டும் கூட்டத்தின் பின்பக்கம் போய்விட்டார். தள்ளினோம். நான் சேற்றில் குப்புற விழுந்தேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வச்சிக்குவோமே," என்று மெல்ல ஆரம்பித்தார். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. தலை நிறைய மல்லிகைப்பூவும் தோளில் மண்வெட்டியுமாகச் சுகந்தி வந்துகொண்டிருந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற அதே டீச்சர் குரல். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தாள்.

"ஏ புள்ள, பொடவ!" என்று பதறினார் மாமா.

"பொடவைய தொவைச்சிக்கலாம்பா. நேரத்த தொவைக்க முடியாது."

வண்டியின் வயிற்றுக்குக் கீழே மண்வெட்டியைச் செருகி, அந்த வரப்பை இழுத்து இழுத்துப் பறித்தாள். வெட்கப்பட்டு இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்தார்கள். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெண் பார்த்த அன்று ஒரு வார்த்தைகூடப் பேசாதவள், முதன்முதலாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"பாத்துக்கிட்டே நிக்காதீங்க. ஏறி ஸ்டேரிங்க நேரா புடிங்க. ரிவர்ஸ்ல, மெதுவா."

மெதுவாகத்தான் நினைத்தேன். பதற்றத்தில் கால் கேட்கவில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் விடுபட்டது. அந்தத் துள்ளலில் முன்சக்கரம் வாரியிறைத்த சிவப்புச் சேறு முழுவதும் மாமாவின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அவர் குடையைக் கொஞ்சம் தாமதமாகத்தான் திருப்பினார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் நடந்து ஏறினோம். கீழே காத்திருந்தவர்களும் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். சேறு காயாமலே பரிசம் நடந்தது. நல்ல நேரம் முடிவதற்குச் சற்று முன்பாக மாமா வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவர், "பொண்ண தாறேன்," என்றார், என் மேல் இருந்த சேற்றையும் தன் மேல் இருந்த சேற்றையும் மாறி மாறிப் பார்த்தபடி. "ஆனா வண்டிய பழையபடி ஒசத்திட்டுத்தான் கல்யாணத்துக்கு வரணும்."

மறுநாளே உயர்த்தினேன். அத்தை கராஜுக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டு ரிஸ்வான் அன்று முழுக்கக் கடையைப் பூட்டியே வைத்திருந்தான். நான் பின்வாசல் வழியாக வண்டியைக் கொண்டுபோனேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் பரிசத்துக்குத் தட்டு அடுக்கினாலும் ஒரு குரல், "மம்பட்டி வச்சீங்களா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. போன மாதம் சுகந்தியின் தம்பிக்குப் பெண் எடுக்கப் போனோம். அவனும் புதிதாக ஒரு கெப் வாங்கியிருக்கிறான். பூத்தட்டு, பழத்தட்டு, சேலைத்தட்டு எல்லாம் போனபிறகு, கடைசித் தட்டில் குங்குமப் பொட்டு வைத்த புது மண்வெட்டி ஒன்று போனது. பெண்ணின் சின்னம்மா அதைப் பார்த்துத் திகைத்துப்போய், "இது என்ன முறைங்க?" என்று கேட்டார்.

என் மனைவி சிரிக்காமல் சொன்னாள்: "மாப்பிள வீட்டுல வண்டி இருந்தா, பொண்ணு வீட்டுல இது இருக்கணுங்க."