ஆவி பிடித்த ஐந்து சென்ட்

அந்த ஜனவரியில் ஆஷ்ஃபோர்க் சுரங்க ஊரில் பிங்கோ ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தீயணைப்பு நிலையக் கூடம், காசில் ஏறிய ஆவியை ஓட்ட வந்த பிரதர் லாமருக்கு வேண்டுமாம்! பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து, நிக்கல் எனப்படும் பழைய ஐந்து சென்ட் காசுகள் நிரம்பிய ஊறுகாய் ஜாடிகளை அணைத்துக்கொண்டு சனம் வரிசையில் நின்றது.

பிரதர் லேசுப்பட்டவரா? நூலில் கட்டிய மோதிரத்தைக் காசுக்கு மேல் பிடிப்பார். இரண்டாம் உலகப் போரில் செத்த பையன்களின் ஆவி ஏறிய காசென்றால் மோதிரம் சுழலும். "கறுத்திருக்கு பாருங்க! சும்மாவா கறுக்கும்?" என்பார். சனம் சிலுவை போட்டுக்கொள்ளும். காணிக்கை? மூச்! கெட்ட காசை வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்றாகப் பளபளக்கும் புதுக் காசு கொடுத்துவிடுவார். இப்படியொரு தியாகியை எங்கே தேடுவது?

வரிசையில் வெர்னா குஸ்மிக்கும் நின்றாள். அவள் புருஷன் எம்மெட் முப்பது வருஷம் நிலக்கரி வெட்டினவன். அவன் இருமினால் சன்னல் அதிரும். போன வாரம் பிரதர் வீட்டுக்கே வந்து, எம்மெட் சேர்த்துவைத்த ஜாடியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இருமல் நெஞ்சிலேர்ந்து வரலம்மா. இந்த ஜாடியிலேர்ந்து வருது. இது போனா அதுவும் போயிடும்."

முப்பது வருஷக் கரித்தூள் மேல் விழவேண்டிய பழி சில்லறை மேல் விழுந்தது. வெர்னா நம்பினாள். வியாழக்கிழமைக்கு வாங்கியிருந்த பிட்ஸ்பர்க் நுரையீரல் டாக்டரின் நேரத்தையும் ஃபோன் போட்டு ரத்து செய்துவிட்டாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்த வீட்டு ஸ்டெல்லா. இருபது வருஷமாக வங்கியில் காசை எண்ணிக் காகிதத்தில் சுருட்டுகிறவள்.

"சும்மா இருடி. அவருக்கு மூச்சு வாங்குது. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஆவியத் தெரியாது. காசத் தெரியும்."

ஸ்டெல்லா விறுவிறுவென்று மேடைக்குப் போனாள். ஒட்டிய ஆறு காகித உறைகளை மேசைமேல் வைத்தாள்.

"பிரதர், ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு இருக்கு. மூணுல போர்க்காலத்துக் காசு. எதெதுன்னு சொல்லுங்க."

"ஆவியச் சோதிக்கக் கூடாதும்மா."

"ஏன்? காகிதத்துக்குப் பயப்படுமா உங்க ஆவி?"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் பின்வாங்க முடியுமா? பிரதர் மோதிரத்தைப் பிடித்தார். முதல் உறைமேல் அது பம்பரமாய்ச் சுற்றியது. ஸ்டெல்லா பிரித்தாள். போன வருஷம் அடித்த காசு பல்லைக் காட்டியது.

"ஐயோ பாவம்! போன வருஷம் பொறந்த காசுல போருக்குப் போனவன் ஆவியா?"

மூன்றைக் காட்டினார், மூன்றும் புதுசு. உண்மையான கறுப்புக் காசுகளின் மேல் மோதிரம் செத்த எலிபோலத் தொங்கியது.

ஸ்டெல்லா ஒரு கறுப்புக் காசை உயர்த்திப் பிடித்தாள். "பின்பக்கம் கட்டடப் படத்துக்கு மேல பெரிய எழுத்து ஒண்ணு இருக்கா? போர் சமயத்துல நிக்கல் உலோகம் பீரங்கிக்கு வேணும்னு அரசாங்கம் அதுக்குப் பதிலா இதுல வெள்ளியக் கலந்துச்சு. அந்தக் கலவைதான் கறுக்குது. இன்னிக்கு வெள்ளி விக்கிற விலைக்கு இந்த ஒரு காசுல ரெண்டு டாலருக்கு மேல சரக்கு இருக்கு! ஐயா இதுக்கு அஞ்சு சென்ட் குடுத்து ஆவி ஓட்டுறாரு!"

பிரதர் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். சுரங்கத்துக்காரர்கள் நாலுபேர் வண்டி டிக்கியைத் திறக்கவைத்தார்கள். உள்ளே மூட்டை மூட்டையாகக் கறுப்புக் காசு. மேலே வெள்ளி உருக்கும் ஆலை ஒன்றின் விலைச்சீட்டு. இவ்வளவு ஆவிகளோடு தனியாக வண்டி ஓட்டியும் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

வெர்னாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஜாடியை இடுக்கிக்கொண்டு கூடத்து மூலையிலிருந்த ஃபோனுக்குப் போனாள்.

"டாக்டர் ஆபீஸா? எம்மெட் குஸ்மிக் சம்சாரம் பேசறேன். வியாழக்கிழமை வர்றோம்மா. வேணாம்னு சொன்னது நான்தான். அந்த மனுஷன் மூச்சோட விளையாடிட்டேன்..." என்று அழுதாள்.

பின்னால் யாரோ கேட்டார்கள்: "அப்போ என் முட்டிவலி எந்தக் காசால வருது?"

ஏமாற்ற வந்தவன் காசின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வந்திருந்தான். இத்தனை வருஷமாய்ச் சேர்த்துவைத்த உங்களில் ஒருவராவது அதைத் திருப்பிப் பார்த்தீர்களா? மகாஜனங்களே, அடுத்தவன் காலில் விழுமுன் கையில் இருப்பதையாவது ஒருமுறை பாருங்கள்!