குடை ரிப்பேர்காரர் எழுதிய மீன் ரிப்போர்ட்டு

கொடைக்கானல் ஏரியில் இருந்த மீன்களைப் பற்றி அந்த மீன்களுக்கே தெரியாத சங்கதிகள் ஒரே ஒரு மனிதருக்குத் தெரிந்திருந்தன. அவர் மீன் பிடிக்கிறவர் இல்லை. சாப்பிடுகிறவரும் இல்லை. மீன் வறுக்கிற வாசனை வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். தொழில் குடை ரிப்பேர். ஊரில் பெயர் ரிப்போர்ட்டு. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி. நான் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் குமாஸ்தா. என் மேஜைக்கு நேரெதிரே, படகுத்துறைக்குப் பக்கத்து மரத்தடியில் ரிப்போர்ட்டின் குடைப் பெட்டி இருக்கும். மரத்தில் ஒரு பெரிய சிலேட்டு தொங்கும். விடிந்ததும் ஏரியை ஒரு முழுச் சுற்று நடப்பார். நடுநடுவே குனிந்து தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பார், நாணலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்பார், மீன்கொத்தியோடு இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு வந்து எழுதுவார்:

"இன்று தண்ணீர் கறுப்பு. காற்று செண்பகனூர்ப் பக்கமிருந்து. மீன் அடியில் படுத்திருக்கிறது, பத்து மணி வரை எழுப்ப வேண்டாம். புழு வேண்டாம், மாவு உருண்டை போதும். நேற்று: உயரமான துரை, ஒரு கெண்டை, முக்கால் பவுண்டு. தொப்பி போட்ட டாக்டர், மீன் இல்லை, கதை மட்டும்."

தூண்டில் போட வந்த துரைமார்களும், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும், மதுரை டாக்டர்களும் காப்பி குடிக்கும் முன்னால் வந்து இதைப் படிப்பார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டும். பத்து மணி என்று எழுதியிருந்தால் பத்துக்குத்தான் மீன் கடித்தது. எனக்குப் பல நாள் மயிர்க்கூச்செடுத்திருக்கிறது.

ஒருநாள் நல்ல வெயில். சிலேட்டில் "இரண்டு மணிக்கு ஆலங்கட்டி. யாரும் படகு எடுக்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். குடைக்காரர் தன் பிழைப்பைப் பார்க்கிறார் என்று சிரித்துவிட்டு ஒரு புது மாப்பிள்ளை பெண்டாட்டியோடு படகில் போனார். இரண்டே காலுக்குக் கம்பி மட்டும் மிஞ்சிய குடையோடு திரும்பி வந்தார்.

"படிக்கத் தெரியாதுங்களா?" என்று ரிப்போர்ட்டு பரிவோடு கேட்டார். குடையை இனாமாகவே தைத்துக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவருக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு சோதனை வந்தது. உப்பள முதலாளி ஒருவர் சீசனுக்கு வந்து எங்கள் ஹோட்டலில் தங்கினார். கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர். அவர் கொண்டுவந்த தூண்டிலில் கொடியேற்றலாம், முள்ளில் கன்றுக்குட்டியைத் தூக்கலாம். எங்கள் ஏரியைப் பார்த்துவிட்டு, "இது என்னலே, கை கழுவுத தண்ணி!" என்றார். அன்று அவருக்குக் கால் பவுண்டில் ஒரு குஞ்சு விழுந்தது. மறுநாள் சிலேட்டில் அது அப்படியே வந்துவிட்டது.

ரிப்போர்ட்டுக்கோ அவர்மேல் கோபமே இல்லை. பழனிக்கு அந்தப் பக்கம் போகாத மனிதர் அல்லவா? தினமும் முதலாளியை மரத்தடியில் உட்காரவைத்துக் கடல் ரிப்போர்ட்டு கேட்பார். தண்ணி வெதுவெதுன்னு இருக்குங்களா? எந்தக் காத்துக்கு எந்த மீனுங்க? முதலாளியும் அள்ளிவிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, "கொண்டல் காத்து அடிச்சுத் தண்ணி கலங்கிட்டுன்னா சீலா மீனு கரைப்பக்கம் தலைகாட்டாது பார்த்துக்கிடும்" என்று பாடம் நடத்தினார். வெள்ளிக்கிழமை, ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, "போன சித்திரையில கொண்டல் பேயா அடிக்கி, தண்ணி சேறாக் கெடக்கு, கரையில நின்னே அம்பது பவுண்டு சீலா பிடிச்சேன்லா!" என்றார்.

ரிப்போர்ட்டு வாயிலிருந்த குடைக்கம்பியை எடுத்தார். "கலங்கின தண்ணியில சீலா கரைக்கு வராதுன்னு செவ்வாக்கெழமை சொன்னீங்களேங்க. அப்ப அது பிடிச்ச மீனுங்களா, வாங்குன மீனுங்களா?"

உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் கூட்டம் சிரித்துவிட்டது. வாங்கிய மீன்தான் என்று முதலாளியோடு வந்திருந்த சமையல்காரர் எங்கள் அடுப்படியில் பிற்பாடு ஒப்புக்கொண்டார். கடலையே பார்க்காத மனிதர், மரத்தடியில் உட்கார்ந்தபடி கடல் பொய்யைத் தூண்டில் போட்டுப் பிடித்ததை நினைத்து நான் அன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதலாளி நேரே படகுத்துறை மேனேஜரிடம் போனார். "கெஸ்டை அவமானப்படுத்துத சிலேட்டு இங்க இருக்கப்படாது. இல்லைன்னா, அந்த ஆளு நாளைக்கு என்ன மீன் எங்க விழும்னு இன்னிக்கே எழுதட்டும். பலிச்சா நான் வாயை மூடிக்கிடுதேன். பலிக்கலைன்னா சிலேட்டு இறங்கணும்."

மேனேஜர் தலையாட்டினார். ரிப்போர்ட்டு தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எழுதினார்: "நாளை பதினோரு மணிக்கு முன் வீண். பதினொன்றுக்கு மேல் மேற்கு மூலை நாணல் ஓரம். மூன்று கெண்டை. ஒன்று ஐந்து பவுண்டு."

சிலேட்டு போனால் அந்த மனிதரிடம் மிச்சம் இருப்பது கிழிந்த குடைகள்தான். ஏதாவது செய்யவேண்டுமே என்று யோசித்தேன். நான் யோசித்ததுதான் தப்பு. மீன்கள் நாணல் ஓரம் வரவேண்டும், அவ்வளவுதானே? ஹோட்டலில் மிஞ்சிப்போன ரொட்டி இரண்டு கோணி கிடந்தது. மறுநாள் விடியும்போதே தோளில் சுமந்துபோய் மேற்கு மூலையில் கொட்டினேன். மீன்கள் திரண்டு வந்தன. நானே பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

பதினோரு மணிக்கு மேற்கு மூலையில் பன்னிரண்டு தூண்டில் விழுந்தது. ஒன்றும் கடிக்கவில்லை. பதினொன்றரை ஆனது. கண்ணெதிரே கெண்டைகள் விருந்து முடிந்த சம்பந்திகள்போல நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றாவது மாவு உருண்டையைத் திரும்பிப் பார்க்கவேண்டுமே! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயிறு நிறைந்த மீன் எதற்குக் கடிக்கும்?

ரிப்போர்ட்டு குனிந்து தண்ணீரை மோந்தார். நாணலுக்குள் கைவிட்டு ஊறிப்போன ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்தார். அதன் ஓரம் கருகியிருந்தது. அந்த ஊரில் ரொட்டியை ஓரம் கருக்கிச் சுடுகிறவர் எங்கள் ஹோட்டல் சமையல்காரர் ஒருவர்தான். ரொட்டியைப் பார்த்தார், கூட்டத்தில் என்னைப் பார்த்தார். துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மரத்தடிக்குப் போய், "ரிப்போர்ட்டு தப்பு" என்று எழுதிவிட்டு, சிலேட்டைத் தாமே கழற்றினார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நான்தாங்க! நான்தான் ரொட்டி போட்டேன்! ஜெயிக்க வைக்கலாம்னு போட்டேன்!" என்று கத்தினேன்.

"எவ்வளவுலே போட்ட?" என்றார் முதலாளி.

"ரெண்டு கோணிங்க."

முதலாளி இருமல் வரும் வரை சிரித்தார். ஆனால் அவரும் தூண்டில்காரர்தானே. "ரெண்டு கோணி தின்னா எங்க ஊரு சுறாகூடக் கடிக்காதுலே! ஆளு சொன்ன இடத்துலதான் அத்தனை மீனும் நிக்கி. சிலேட்டை மாட்டும்வே!" என்றார். மேனேஜரும் மாட்டச் சொன்னார்.

ரிப்போர்ட்டு மாட்டவில்லை. "இல்லைங்க. தப்பு என் பேர்லதான்."

"உங்க பேர்ல என்னங்க தப்பு?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காத்தைப் பார்த்தேன், மஞ்சு மூட்டத்தைப் பார்த்தேன், தண்ணியைப் பார்த்தேன். நமக்காக ஒருத்தரு வெள்ளனே எந்திரிச்சுக் கோணி சொமப்பாருன்னு பார்க்கத் தெரியலையேங்க. இம்புட்டு நாளா எதிர்லதான உக்காந்திருந்தீங்க?"

நான் சிலேட்டை அவர் கையிலிருந்து வாங்கி மரத்தில் மாட்டினேன். அவர் தடுக்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அத்தனை பிரியம் இருந்தது என்பது, அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.